ஜூஸ் பிழிந்த கதை

நம்ம ஊரில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், பார்க்கப் போகிறவர்கள் கையில் ரெண்டு சாமான் இருக்கும். ஒண்ணு ஹார்லிக்ஸ் பாட்டில், இன்னொண்ணு ஒரு கிலோ சாத்துக்குடி. ஹார்லிக்ஸை இன்னொரு நாள் பார்த்துக்கலாம். இன்னிக்கு சாத்துக்குடிதான். அதை உரித்து சுளையாக யாரும் நோயாளிக்குக் கொடுக்க மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? பிழிந்துதான் கொடுக்கணும். பழத்தைவிட அதோட சாறு ஒரு படி உசத்தி என்பது நம்ம மனசில் அவ்வளவு ஆழமாப் பதிஞ்சு போச்சு.

எப்பலேர்ந்து இப்படி? நம்மிடம் சாறு இல்லாமல் இல்லை. துளசிச் சாறு, இஞ்சிச் சாறு, வெற்றிலைச் சாறு எல்லாம் உண்டு. ஆனால் அதெல்லாம் மருந்து. பாலாடையில் ஊற்றிப் புகட்டுகிற அளவு. தாகத்துக்கு பானகம், மோர், இளநீர். தினமும் காலையில் நாலு பழத்தைப் பிழிந்து பெரிய டம்ளர் நிறைய ஊற்றி "உடம்புக்கு நல்லது" என்று ஒரே மூச்சில் குடிப்பது இது ரெண்டிலும் சேராத மூணாவது வழக்கம். அது எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகத் தோண்டிக்கிட்டிருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

பழச்சாற்றையும் உடல்நலத்தையும் முதலில் சோதனை போட்டு முடிச்சுப் போட்டது கடற்படைக்காரர்கள். 1747ல் ஹெச்.எம்.எஸ். சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர், ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை ரெண்டு ரெண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணி (பாவம்!), ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, இப்படி. ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் 2 ஆரஞ்சு, 1 எலுமிச்சை. ஆறே நாளில் பழம் தீர்ந்துபோச்சு. ஆனால் அதுக்குள்ளேயே ஒருத்தன் ஏறக்குறைய வேலைக்குத் திரும்புகிற அளவுக்குத் தேறிட்டான்.

இதுவரை பள்ளிக்கூடப் புத்தகத்திலும் வரும். அதுக்கு அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். மாசக்கணக்கில் போகும் கப்பலில் பழம் அழுகுமே என்று லிண்டே ஒரு யோசனை சொன்னார். சாற்றைப் பிழிந்து, சூட்டில் சுண்டக் காய்ச்சி, பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோகலாம். வைட்டமின் சி என்று ஒண்ணு இருப்பதும் அது சூட்டில் அழிந்துபோகும் என்பதும் அன்னிக்கு யாருக்கும் தெரியாது. ஆக, மருந்தைக் கண்டுபிடித்தவரே அதை வலுவிழக்கச் செய்யும் வழியையும் எழுதிவைத்தார். கடற்படை எல்லாக் கப்பலுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க 1795 ஆச்சு. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக்கடல் பக்கத்து எலுமிச்சையை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளின் பச்சை லைமுக்கு மாறினார்கள். அதில் சத்து ரொம்பக் குறைவு. சேமித்து வைத்ததிலும் செப்புக் குழாயில் ஓடியதிலும் இருந்த கொஞ்சநஞ்சமும் போச்சு. 1875ல் வடதுருவம் நோக்கிப் போன பிரிட்டிஷ் பயணத்தில் சாறு இருந்தும் ஸ்கர்வி வந்தது. பழத்துக்குள் இருக்கிற எல்லாமும் டம்ளருக்குள் வந்து சேர்வதில்லை என்பதை வரலாறு இப்படி முதல் அத்தியாயத்திலேயே சொல்லிடுச்சு.

ஆனால் இது கப்பல் கதை. வீட்டுக்குள் ஜூஸ் வந்த கதைக்கு நாம் கலிபோர்னியா போகணும்.

1873 வாக்கில் ரிவர்சைடு என்ற ஊரில் எலைசா டிபெட்ஸ் என்ற அம்மா பிரேசிலிலிருந்து வந்த ஆரஞ்சுக் கன்றுகளை நட்டார். விதை இல்லாத, நல்ல இனிப்பான, அடியில் தொப்புள் மாதிரி சுழி உள்ள நேவல் ஆரஞ்சு. ரயில் வந்தது, தோட்டங்கள் பெருகின, விவசாயிகள் 1893ல் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். அதுதான் பின்னால் கலிபோர்னியா ஃப்ரூட் குரோயர்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஆச்சு. அதோட பிராண்டு பேர் இன்னிக்கும் உலகம் பூரா தெரியும்: சன்கிஸ்ட்.

அப்போ அமெரிக்காவில் ஆரஞ்சு என்பது தினசரிப் பண்டம் இல்லை. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பிள்ளைகளின் காலுறையில் ஒண்ணு போட்டு வைப்பாங்க. பெரியவங்க பாதியாக வெட்டி, ஸ்பூனால் சுரண்டிச் சாப்பிடுவாங்க. ஸ்பூன் என்றதும் நினைவுக்கு வருது: சன்கிஸ்ட் பழத்தின் மேல் சுற்றியிருக்கும் காகிதத்தைச் சேர்த்து அனுப்பினால் வெள்ளி முலாம் பூசின ஸ்பூன் தருகிற திட்டமும் போட்டாங்க. நம்ம ஊரில் சோப்பு வாங்கினால் பக்கெட் கொடுத்த மாதிரிதான்.

விளைச்சல் ஏறிக்கிட்டே போச்சு, தின்கிற வாய் அதே அளவுதான். மரத்தையே வெட்டிப் போடுகிற நிலைமைக்கு வந்துட்டாங்க என்று ஆல்பர்ட் லாஸ்கர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். லாஸ்கர் யார்? லார்ட் அண்ட் தாமஸ் விளம்பரக் கம்பெனியின் முதலாளி. நவீன விளம்பரத் தொழிலின் பெரிய தலைகளில் ஒருத்தர்.

அவங்க போட்ட கணக்கு ரொம்ப எளிசு. உட்கார்ந்து தின்றால் ஒரு ஆள் பாதிப் பழம், மிஞ்சிப்போனால் ஒண்ணு தின்பான். பிழிந்து குடித்தால்? ஒரு டம்ளருக்கு ரெண்டு, மூணு பழம் வேணும். வயிறும் நிறையாது, மறுநாளும் குடிப்பான். மரத்தை ஏன் வெட்டணும், பழத்தைப் பிழியச் சொல்லுவோம்!

1916ல் "ஒரு ஆரஞ்சைக் குடியுங்கள்" என்ற விளம்பரம் வந்தது. தின்கிற பொருளைக் குடிக்கச் சொன்ன விளம்பரம். அதில் இன்னொரு புத்திசாலித்தனம், வெறும் வாயால் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. பிழிவதற்கு ஒரு கண்ணாடிக் கருவியையும் கூடவே விற்றார்கள். நடுவில் வரிவரியாகக் கூம்பு, சுற்றி வட்டத் தட்டு, ஒரு பக்கம் மூக்கு. கடையில் 10 சென்ட், தபாலில் 16 சென்ட். லாபத்துக்கு விற்றதில்லை, அந்தக் கருவி ஒரு வீட்டுக்குள் போயிட்டால் அந்த வீடு வாரம் எத்தனை ஆரஞ்சு வாங்கும் என்பதுதான் கணக்கு. எலுமிச்சை பிழிகிற கருவி அதுக்கு முன்னாடியே இருந்தது. துருக்கியின் குட்டாஹ்யா ஊரில் 18ஆம் நூற்றாண்டிலேயே பீங்கானில் செய்திருக்கிறார்கள், சர்பத்துக்காக. அமெரிக்காவிலும் 1860லேயே காப்புரிமை உண்டு. ஆனால் அதெல்லாம் சமையலறையில் எப்பவாவது தேவைப்படுகிற சாமான். அதைத் தினசரிச் சாமானாக ஆக்கினது 1916தான்.

இப்போ தி.நகர் பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக்கில் விற்கிறானே, கூம்பு வைத்த பிழியான், அது அச்சு அசல் அதே வடிவம். நூறு வருஷத்துக்கு மேலாச்சு, ஒரு வளைவுகூட மாறலை. அமெரிக்காவில் பழைய பச்சைக் கண்ணாடிப் பிழியான்களைத் தேடித்தேடிச் சேர்க்கிற ஆட்களும் இருக்காங்க, நாம தபால்தலை சேர்த்த மாதிரி.

இந்த வரிசையைக் கவனிங்க. 1916ல் ஜூஸ் குடிக்கச் சொன்னதுக்கு வைட்டமின் சி காரணம் இல்லை. "வைட்டமின்" என்ற வார்த்தையே 1912ல் காசிமிர் ஃபங்க் வைத்ததுதான். வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்து ஸ்கர்வியைத் தடுப்பது இதுதான் என்று உறுதி செய்ய 1932 ஆச்சு. அதுக்காக ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜிக்கு 1937ல் நோபல் பரிசு. (அவர் அதை மூட்டை மூட்டையாக எடுத்தது ஆரஞ்சிலிருந்து இல்லை, ஹங்கேரியின் செகெட் ஊர்க் குடைமிளகாயிலிருந்து!) அதாவது, சரக்கு முதலில் தேங்கிச்சு, அப்புறம் குடிக்கிற பழக்கம் வந்துச்சு, அதுக்கும் பின்னால்தான் காரணம் வந்து சேர்ந்துச்சு.

நடுவில் ஒரு பொய்க் காரணமும் வந்தது. 1920களின் கடைசியில் சன்கிஸ்ட் விளம்பரங்கள் "அசிடோசிஸ்" என்று ஒரு பூதத்தைக் காட்டின. ரொட்டி, முட்டை, இறைச்சி எல்லாம் ரத்தத்தை அமிலமாக்கும், அதனால் சோர்வு வரும், ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் சரியாகும். அசிடோசிஸ் என்பது நிஜமான நோய்தான். சர்க்கரை கட்டுமீறிப் போனவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் வரும், உயிரைக்கூட எடுக்கும். ஆனால் காலையில் முட்டை சாப்பிட்டதால் வராது. நுரையீரலும் சிறுநீரகமும் ரத்தத்தின் அமில காரத்தை நூலிழை பிசகாமல் பார்த்துக்கொள்கின்றன. இன்னிக்கும் "ஆல்கலைன் உணவு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுதே, அந்தப் பூதத்தின் பேரன்தான் அது.

சரி, ஏன் "ஃப்ரெஷ்ஷாகப் பிழிந்ததும் குடிக்கணும்" என்கிறோம்? இதுக்கு ஒரு நல்ல ரசாயனக் காரணம் இருக்கு. சாத்துக்குடியைப் பிழிந்து கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்க, கசக்கும். நேவல் ஆரஞ்சும் அப்படித்தான். பழத்துக்குள் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கு. பிழியும்போது திசுக்கள் உடைந்து அது புளித்த சாறோடு கலந்ததும், கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுது. முழுப் பழத்தில் அது அதோட இடத்தில் இருப்பதால் கசப்பு தெரியாது. கையால் பிழிந்தால் கசப்பு குறைவு. மிக்சியில் கொட்டையோடு போட்டு அரைத்தால்? குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கசப்பு, கெடுதல் எல்லாத்தையும் தாண்ட அமெரிக்காக்காரன் வேறு வழி பிடித்தான். புளோரிடாவின் லேக் ஆல்ஃபிரட்டில் மூணு விஞ்ஞானிகள், வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் சாற்றைச் சுண்டவைத்து, தேவைக்கு மேலேயே கெட்டியாக்கி, அப்புறம் கொஞ்சம் பச்சைச் சாற்றைக் கலந்து உறையவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். லிண்ட் செய்ய நினைத்ததை 200 வருஷம் கழித்து ஒழுங்காகச் செய்தார்கள் என்று வைத்துக்கலாம். 1948ல் காப்புரிமை. மினிட் மெய்ட் கம்பெனிக்காகப் பாடகர் பிங் கிராஸ்பி ரேடியோவில் பேசினார். டப்பாவைத் திற, மூணு டப்பா தண்ணி ஊத்து, கலக்கு. கண்ணாடிப் பிழியான் பரணுக்குப் போச்சு. 1960களில் ஜான் மெக்ஃபீ என்ற எழுத்தாளர் ஆரஞ்சைப் பற்றிப் புத்தகம் எழுத புளோரிடா போனபோது, ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த ஓட்டலில் அவருக்குக் கிடைத்தது டப்பா ஜூஸ்தான். நெல்லூருக்குப் போய் பாக்கெட் அரிசி வாங்கின மாதிரி :-)

இதோடு வீட்டு ஜூஸ் கதை முடிஞ்சிருக்கணும். முடியலை. ஏன்னா ஆரஞ்சுக்காரங்க ஒரு பக்கம் போக, இன்னொரு பக்கம் கேரட்காரங்க கிளம்பிட்டாங்க.

நார்மன் வாக்கர் 1886ல் இத்தாலியின் ஜெனோவாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கேரட்டைத் துருவி, துணியில் கட்டி, அழுத்திப் பிழியும் இயந்திரம் செய்தார். அதுக்கு நார்வாக் என்று பேர். தன் பேரையே சுருக்கி வைத்துக்கொண்டார். 1936ல் பச்சைக் காய்கறிச் சாறுகள் பற்றிப் புத்தகம் எழுதினார். எந்த நோய்க்கு எந்தச் சாற்றை எதோடு கலக்கணும் என்று பட்டியல். அவர் 118 வயசு வாழ்ந்தார் என்று இன்னிக்கும் ஜூஸ் பிரியர்கள் சொல்றாங்க. ஆவணப்படி 1985ல் அவர் காலமானபோது வயசு 99. தொண்ணூத்தொன்பது போதாதா ஐயா? அதையும் ஏன் இழுக்கணும்?

வாக்கரையாவது சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்தவரை அப்படி விட முடியலை.

மேக்ஸ் கெர்சன், 1881ல் பிறந்த ஜெர்மன் டாக்டர். தன்னோட ஒற்றைத் தலைவலிக்கு உணவுமுறையால் வழி தேடப்போய், தோல் காசநோய்க்கு உப்பில்லா உணவு கொடுத்துப் பேர் வாங்கினவர். ஆல்பர்ட் ஷ்வைட்சரே அவரிடம் சிகிச்சை பெற்றவர். ஹிட்லர் காலத்தில் யூதர் என்பதால் நாட்டை விட்டு ஓடி 1936ல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். அங்கே அதே உணவுமுறையைப் புற்றுநோய்க்கு நீட்டினார். மணிக்கொரு டம்ளராக ஒரு நாளைக்கு 13 டம்ளர் பச்சைச் சாறு, கூடவே காபி எனிமா. ஆமாங்க, நம்ம காபியேதான், வேறு வழியாக. எந்த மிஷினில் பிழியணும் என்பதில்கூடக் கண்டிப்பு. துருவி அழுத்தும் மிஷின்தான், சுழற்றிப் பிழிவது கூடாது. 1958ல் குணமானதாக 50 பேர் கதையைப் புத்தகமாகப் போட்டு, அடுத்த வருஷம் காலமானார். அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் 1947ல் அவருடைய 10 நோயாளிகள் விவரத்தையும், 1959ல் அந்த 50 பேர் விவரத்தையும் பரிசீலித்தது. பலன் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் 1977ல் மெக்சிகோவின் டிஹுவானா பக்கம் அவர் பேரில் கிளினிக் திறந்தது. அந்த முறையில் கன்றுக்குட்டியின் பச்சை ஈரல் சாறும் அப்போது உண்டு. 1979க்கும் 1981க்கும் இடையில் அந்தப் பக்கம் சிகிச்சைக்குப் போன பத்துப் பேர் ரத்தத்தில் கிருமி ஏறி சான் டியேகோ ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கெர்சன் முறையில் இருந்தவர்கள். அப்புறம்தான் ஈரல் சாற்றைக் கைவிட்டார்கள்.

இதை இவ்வளவு விலாவாரியாகப் படித்ததுக்குக் காரணம் எங்க அத்தை. திருநெல்வேலிப் பக்கம். மார்பில் கட்டி என்று தெரிந்து, ரெண்டு கீமோ முடிந்து, தலைமுடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி நொந்துபோயிருந்த நேரம். யாரோ ஒரு சொந்தக்காரர் "கீமோ விஷம், நிறுத்திடுங்க, கேரட்டும் ஆப்பிளும் பதிமூணு டம்ளர் குடிச்சா போதும், ஜெர்மன் டாக்டர் கண்டுபிடிச்சது" என்று வீடியோ அனுப்பிவிட்டார். அத்தை எனக்கு போன் போட்டாங்க. "ஏய்யா, நீதான் எல்லாத்தையும் படிக்கியே, இதையும் கொஞ்சம் படிச்சுப் பாத்துச் சொல்லேன். எனக்கு அந்த ஊசிய நெனச்சாலே கொலை நடுங்குது." அவங்க குரலில் இருந்தது ஜூஸ் மேல் நம்பிக்கை இல்லை, கீமோ மேல் இருந்த பயம். அதுதான் எனக்கு உறைச்சது. ராத்திரி உட்கார்ந்து மேலே சொன்னதையெல்லாம் படித்து, காலையில் ஒண்ணு விடாமல் சொன்னேன். மாமா டாக்டரிடமே கேட்டார். அவர் கோபப்படவே இல்லையாம். "வாய்ப்புண் ஆறினதும் வீட்டுல சுத்தமா பிழிஞ்ச ஜூஸ் ஒரு சின்ன டம்ளர் குடிக்கட்டும். ஊசியை மட்டும் தள்ளிப் போடாதீங்க. தெருக்கடை ஜூஸ் வேண்டவே வேண்டாம், இப்ப கிருமியைத் தாங்குற சக்தி உடம்புல இல்ல" என்றாராம். அத்தை ஆறு சுற்றும் முடித்து, இப்போ முடி வளர்ந்து, பக்கத்து வீட்டோடு பழையபடி சண்டை போடுகிற அளவுக்கு இருக்காங்க. அந்த வீடியோ அனுப்பினவரிடம் நான் இன்னும் சரியாகப் பேசுறதில்லை.

கெர்சனின் கதை டிஹுவானாவோடு நிற்கலை. ஜே கோர்டிச் என்ற அமெரிக்கர், தனக்கு இளம் வயசில் வந்த மூத்திரப்பைப் புற்றுநோய் கெர்சன் முறையால் போச்சு என்று சொல்லி, 1990 வாக்கில் டிவியில் அரைமணி நேர விளம்பரங்களில் "ஜூஸ்மேன்" மிஷினை விற்றார். நரைத்த அடர்த்தியான புருவம், ஓயாத பேச்சு. டிவியில் மிஷின் விற்பதை முதலில் தொடங்கினது அவரில்லை. 1949லேயே வைட்டமிக்ஸ் முதலாளி பார்னர்டு கிளீவ்லாந்து ஸ்டேஷன் ஒன்றில் அரைமணி நேரம் பிளெண்டரை ஓட்டிக்காட்டியிருக்கிறார். ஆனால் நடுத்தர வர்க்க அமெரிக்கச் சமையல் மேடைக்கு ஜூஸரைக் கொண்டுபோனது கோர்டிச்தான். 2017ல், 93 வயசில் காலமானார். அதே 2017ல்தான் இந்த வரலாற்றின் பெரிய காமெடியும் நடந்தது. ஜூசெரோ என்று ஒரு கம்பெனி, முதலீட்டாளர்களிடம் சுமார் 12 கோடி டாலர் வாங்கி, வைஃபை இணைப்பு உள்ள ஜூஸ் மிஷின் போட்டது. முதலில் 699 டாலர். நறுக்கின பழம் அடைத்த பாக்கெட்டை உள்ளே வைத்தால் அழுத்திப் பிழியும். ரெண்டு பத்திரிகைக்காரர்கள் அந்தப் பாக்கெட்டைக் கையாலேயே பிழிந்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு ஜூஸ் வந்தது. அஞ்சு மாசத்தில் கம்பெனி மூடல். 10 சென்ட் கண்ணாடிக் கூம்பை நினைச்சுக்கிட்டேன்.

நம்ம வீட்டுக்கு ஜூஸ் வந்த வழி வேற. இங்கே பழம் தேங்கி வரலை, சட்னி வழியாக வந்தது. 1960களில் பம்பாயில் மாதுரி மாத்தூர் என்பவர் வீட்டு ஜெர்மன் மிக்சர் நம்ம சமையலுக்குத் தாங்காமல் எரிந்துபோச்சு. சீமென்ஸில் இன்ஜினியராக இருந்த அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், ஊறின பருப்பும் தேங்காயும் அரைக்கிற மாதிரி முரட்டு மோட்டார் வைத்து ஒண்ணு செய்தார். அதுதான் சுமீத். வெளிநாட்டு பிளெண்டர் மென்மையானதைக் கலக்கப் பிறந்தது, நம்ம மிக்சி கல்லு மாதிரி இருக்கிறதை அரைக்கப் பிறந்தது. கூட ஒரு ஜாராக, நடுவில் ஓட்டை வைத்த வடிகட்டியோடு, ஜூஸ் ஜார் ஒட்டிக்கிட்டு வந்தது. பல வீட்டில் அது இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கும். 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மிக்சித் திட்டம் தொடங்கிய பிறகு, மிக்சி இல்லாத வீட்டைத் தேடணும் என்ற நிலை. அந்த நேரம்தான் பார்க் வாசல்களில் அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், சுரைக்காய் ஜூஸ் கேன்களும் ஜரூராக ஓடிக்கிட்டிருந்தது. அங்கே குடித்துப் பழகினவங்க "இதை நாமே வீட்டில் போட்டால் என்ன" என்று ஆரம்பிச்சாங்க.

சுரைக்காய் என்றதும் ஒரு விஷயம், இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க. 2010ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி, உடம்புக்கு நல்லது என்று வழக்கமாகச் சுரைக்காய் ஜூஸ் குடித்து வந்தவர், சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாற்றைக் குடித்து இறந்துபோனார். கூடக் குடித்த மனைவி ஆஸ்பத்திரியில் பிழைத்தார். சுரை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. சாப்பாட்டுக்கு விளைவிக்கும் ரகங்களில் அது இல்லாத அளவுக்குக் குறைவு. எப்பவாவது ஒரு காயில் ஏறிடும். அதைப் பொரியல் செய்தால் முதல் வாயிலேயே துப்பிடுவோம். ஜூஸாக மடமடவென்று குடித்தால், அதிலும் பாகற்காயின் கசப்போடு கலந்தால், நாக்கு எச்சரிக்கை செய்யக்கூட நேரம் கிடைக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இதுக்காகவே குழு போட்டுச் சொன்னது இது: சின்னத் துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்க, கசந்தால் ஜூஸ் போடாமல் தூக்கிப் போடுங்க, வேறு சாற்றோடு கலக்காதீங்க, குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி, ரத்த வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரி. இதுக்கு மாற்று மருந்து கிடையாது.

அதே மாதிரி சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கீரை, பீட்ரூட், நட்சத்திரப்பழச் சாறெல்லாம் தொடவே கூடாது. பொட்டாசியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து ஏறும். ஒரு நட்சத்திரப்பழமே அவங்களுக்கு வலிப்பு வரவைக்கும்.

சக்கைக்கு வருவோம். பிழிந்தபின் குப்பைக்கூடைக்குப் போகிறதே, அது. 1977ல் லான்செட் பத்திரிகையில் ஒரு ஆராய்ச்சி வந்தது. பத்துப் பேருக்கு ஒரே அளவு சர்க்கரை வருகிற மாதிரி ஆப்பிளை மூணு விதமாகக் கொடுத்தார்கள்: முழுசாக, கூழாக, சாறாக. சாற்றை முழுப் பழத்தைவிட 11 மடங்கு வேகமாகக் குடித்து முடிக்க முடிந்தது. பசி அடங்கியது குறைவு. சாற்றுக்கு இன்சுலின் எக்குத்தப்பாக ஏறி, ரத்தச் சர்க்கரை அப்புறம் ஆரம்பித்த இடத்தைவிடக் கீழே விழுந்தது. லாஸ்கரின் கணக்கு ஞாபகம் இருக்கா, "வயிறும் நிறையாது, ரெண்டு மூணு பழம் உள்ளே போகும்"? அதைத்தான் அறுபது வருஷம் கழித்து லேபில் அளந்து காட்டினாங்க. அப்புறம் 2013ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1,87,382 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்த ஆய்வு: திராட்சை, ஆப்பிள், புளூபெர்ரியை முழுசாகத் தின்றவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவு, தினமும் ஜூஸ் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். வீட்டில் பிழிந்ததா கடையில் வாங்கினதா என்று உடம்பு கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015ல் பழச்சாற்றின் சர்க்கரையையும் சேர்த்த சர்க்கரைக் கணக்கிலேயே வைத்துவிட்டது. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு ஜூஸே வேண்டாம் என்பது 2017லிருந்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல்.

இவ்வளவும் படிச்சுட்டு நீ ஜூஸ் குடிக்கிறதை விட்டுட்டியா என்று கேட்பீங்க. இல்லைங்க. எங்க வீட்டில் வாரத்தில் ரெண்டு நாள் உண்டு. சாத்துக்குடி என்றால் கையால், அந்தப் பத்து சென்ட் வடிவப் பிழியானில். கசக்குறதுக்கு முன்னாடி குடிச்சுடணும். மாதுளையை மிக்சியில் போட்டால் விப்பரை ரெண்டு தட்டுத் தட்டி நிறுத்தணும், ஓடவிட்டால் விதை உடைந்து துவர்க்கும். கேரட் என்றால் வடிகட்டுறதில்லை, கொஞ்சம் தண்ணியும் இஞ்சியும் எலுமிச்சையும் விட்டு அரைத்து அப்படியே. மனைவி மட்டும் "தொண்டையில அடைக்குதுங்க" என்று வடிகட்டித்தான் குடிப்பாங்க. அந்தச் சக்கை அன்னிக்கு ராத்திரி சப்பாத்தி மாவில் போயிடும். டம்ளர் பழைய காபி டம்ளர், நூத்தம்பது மில்லிக்கு மேல் பிடிக்காது.

அந்த நாலாவது ஜார் உங்க வீட்டில் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததா இல்லையா? முதல் மிக்சி எந்த வருஷம், என்ன கம்பெனி? பின்னூட்டத்தில் எழுதுங்க, கணக்கெடுத்துப் பார்ப்போம்.